பயனாளி வீட்டுத் தண்ணீர்

தஞ்சாவூர்
10 செப்டம்பர் 2024

பிரின்ஸி அவர்களுக்கு,
கள ஒருங்கிணைப்பாளர், பூதலூர் கிளை.

வணக்கம்.

நம் அறக்கட்டளையின் கூரை சீரமைப்புத் திட்டத்தில் பயன்பெற்ற கீழச்சேந்தி கிராமம் திரு. கண்ணுசாமி அவர்களின் வீட்டில், சென்ற வெள்ளிக்கிழமை தாங்கள் மதிய உணவு உட்கொண்டதாகப் புகைப்படத்துடன் புகார் வந்துள்ளது. பயனாளிகளிடமிருந்து பரிசு, உணவு, பானம் எதையும் ஊழியர்கள் ஏற்கக் கூடாது என்பது ஊழியர் நடத்தை விதிகளின் ஏழாம் பிரிவு. தாங்கள் அறிந்ததே.

விசாரணை முடியும்வரை தாங்கள் பணியிடை நீக்கம் செய்யப்படுகிறீர்கள். அதுவரை அலுவலகத்துடனான தொடர்பு அனைத்தும் தபால் வழியே மட்டும் இருக்க வேண்டும். கீழச்சேந்திக்கு அலுவல் நிமித்தமாகச் செல்லக் கூடாது.

இப்படிக்கு,
ஹம்சத்வனி
நிர்வாக அறங்காவலர்

(கையால்) போன் பண்ணாதே. உன் குரலைக் கேட்டால் என்னால் இதைச் செய்ய முடியாது.


பூதலூர்
14 செப்டம்பர்

நிர்வாக அறங்காவலர் அம்மையாரின் மேலான சமூகத்துக்கு,

திருச்சி ஹாஸ்டலில் என் தட்டில் கையை விட்டு மீதிச் சோற்றை வழித்துத் தின்றவள் என்னைத் ‘தாங்கள்’ என்று எழுதுகிறாள். நல்லா இருக்குடி ஹம்சா. ரயிலேறினால் அரை மணி நேரத்தில் உன் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பேன். அதற்குப் பதிவுத் தபால்! தபால்காரர் கையெழுத்து வாங்கும்போது, ‘என்னம்மா, கோர்ட்டு கேசா’ என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

நான் உட்கொள்ளவில்லை. சாப்பிட்டேன். விரால் மீன் குழம்பு, இலை போட்டு, சம்மணம் கொட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன். மறுசோறு கேட்டு வாங்கினேன். அதையும் புகாரில் சேர்த்துக்கொள். புதுக்கூரை போட்ட வீட்டில் பால் காய்ச்சினார்கள், கூப்பிட்டார்கள், போனேன். படம் எடுத்தது அவர் மகள் செம்மொழி. ‘எங்க வீட்டு விருந்து’ என்று சந்தோஷமாக ஸ்டேட்டஸில் போட்டிருந்தாள். அதைத் தூக்கி உனக்கு அனுப்பிய புண்ணியவான் நம் விஸ்வாதான் என்று எனக்குத் தெரியாதா? அவன் அடுத்த ஒருங்கிணைப்பாளர் ஆக வேண்டும், ஆகட்டும்.

ஆனால் நான் ஏன் போனேன் என்று நீ கேட்கவே இல்லை. நீ ஆரம்பித்து வைத்ததை முடித்து வைக்கத்தான் போனேன்.

கூரை ஒப்படைத்த அன்று நீ வந்தாய், ஞாபகம் இருக்கா? நல்ல உச்சிவெயில். உனக்கென்று செம்மொழி சைக்கிளை மிதித்துக்கொண்டு கடைத்தெரு வரைக்கும் போய்ப் பன்னீர் சோடா வாங்கி வந்தாள். புது டம்ளர், லேபிளைக்கூட அப்போதுதான் உரித்தாள், நான் பார்த்தேன். நீ கையைக் குறுக்கே காட்டினாய். ‘தப்பா நினைச்சுக்காதீங்க, எங்க ரூல்ஸ்’ என்றாய். சரி, அதோடு விட்டாயா? பையைத் திறந்து, உன் பாட்டிலை எடுத்து, அவர்கள் கண் எதிரே அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாய். செம்மொழி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

நீ காரில் ஏறிய பிறகு கண்ணுசாமி அண்ணன் என்னிடம் கேட்டார். ‘இந்தம்மா பெரிய பண்ணை ஐயரு பேத்திதானே?’ எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த ஊரில் உன் தாத்தாவுக்கு மிராசு இருந்தது என்று இத்தனை வருஷத்தில் நீ என்னிடம் வாயைத் திறந்ததில்லை. அவர் அப்பா உங்கள் களத்தில் நெல் அடித்தவராம். தாகமென்றால் கொல்லைப்புறம் போய்க் குனிந்து இரண்டு கையையும் ஏந்த வேண்டுமாம், மேலே இருந்து ஊற்றுவார்களாம். ‘அப்ப சாமி குத்தம்னாங்க, இப்ப ரூல்ஸ்ங்குறாங்க’ என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு எனக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. அதனால் அவர் வீட்டில் போய்ச் சாப்பிட்டேன்.

விசாரணைக்கு வருகிறேன். என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.

பிரின்ஸி


தஞ்சாவூர்
19 செப்டம்பர்

பிரின்ஸி,

‘தாங்கள்’ போதும். இது ஆபீஸ் கடிதம் இல்லை.

உனக்கு எழுத வரும், நாக்கும் நீளம். அதனால் நீ சொன்னால் எல்லாம் உண்மை ஆகிவிடுமா? ஏழாம் பிரிவு யாருக்காக வந்தது? உன் சித்தப்பா மகன் ரெமிஜியஸுக்காக வந்தது. ஆடு கொடுக்கும் திட்டத்தில் எந்த வீட்டில் நாட்டுக்கோழி அடித்தார்களோ அந்த வீட்டுப் பேர்தான் அவன் பட்டியலில் முதலில் இருந்தது. ஒரு விதவைப் பெண், கோழிக்கு வழியில்லாமல் அடுத்த வீட்டில் கடன் வாங்கி அவனுக்குக் குழம்பு வைத்தாள். அதைக் கேட்டுவிட்டு நீ என் அறைக்கு வந்து மேஜையைத் தட்டினாயே! ‘இனி ஒருத்தன் பயனாளி வீட்ல பச்சைத் தண்ணி குடிக்கக் கூடாதுடி, எழுது’ என்றது யார்? நீ. எழுதியது நான். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். உன் அண்ணனை வேலையை விட்டு அனுப்பினாய், உன் வீட்டில் இன்னும் பாதிப் பேர் உன்னோடு பேசுவதில்லை. அன்று உன்னை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. இன்று உனக்குப் பிடித்த வீடு என்றால் விதி கிடையாதா? ரெமிஜியஸும் இதைத்தானே சொன்னான், ‘அன்பா கூப்பிட்டாங்க, போனேன்’ என்று?

பாட்டில் விஷயம். காலையிலிருந்து மூன்று ஊர் போய்விட்டு வந்தேன். எனக்குத் தலை சுற்றியது. பையில் தண்ணீர் இருந்தது, குடித்தேன். இதில் என்ன பாவத்தைக் கண்டாய்? ஒரு மனுஷிக்குத் தாகம் எடுக்கக் கூடாதா?

என்னை என் தாத்தாவோடு சேர்த்துக் கட்டாதே. நான் பிறப்பதற்கு முன்பே அந்த நிலமெல்லாம் விற்றாகிவிட்டது. அங்கே எங்களுக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஊரைத் திட்டத்தில் சேர்த்ததே அந்த வெட்கத்தினால்தான். நான் என்ன செய்தாலும் அந்தக் கொல்லைப்புறத்துக்கே என்னை இழுத்துக்கொண்டு போய் நிறுத்துவீர்கள் என்றால் நான் எங்கேதான் போவது, சொல்?

விசாரணைக் குழுவில் ராஜகோபாலன் சார் இருக்கிறார். ஒரு பக்கம் வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடு. ‘விதியை மீறியது தவறு, இனி நடக்காது’ என்று மட்டும் போதும். மறுநாளே நீ வேலையில் இருப்பாய். உன்னைக் கெஞ்சுகிறேன்.

ஹம்சா


பூதலூர்
3 அக்டோபர்

ஹம்சா,

விசாரணையில் நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தாய். நானும் எவ்வளவு நேரம்தான் உன் வகிட்டையே பார்த்துக்கொண்டிருப்பது?

உன் ராஜகோபாலன் சார் பெரிய மனுஷர், பேங்கில் பெரிய பதவியில் இருந்து ரிட்டயர் ஆனவர், ஒத்துக்கொள்கிறேன். அவர் சொன்னதைக் காதில் வாங்கினாயா? ‘இதுக்கு எதுக்கும்மா இவ்ளோ கலாட்டா? டம்ளரைக் கையில வாங்கிட்டு, வாயில வெக்கிற மாதிரி வெச்சுட்டு, ஓரமா வெச்சிருக்கலாமே. நாங்கள்லாம் எத்தனை இடத்துல அப்படிப் பண்ணியிருக்கோம்.’ குழுவே தலையை ஆட்டியது. நீயும் ஆட்டினாயா என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் பிடிக்கவில்லை. ஊழியர் ஒழுக்கத்தை விசாரிக்க வந்த பெரியவர் ஏமாற்றச் சொல்லித் தருகிறார், அதை மினிட்ஸில் எழுதவில்லை.

அப்புறம் காபி வந்தது. நான் எடுக்கவில்லை. ‘ஏம்மா, எடுத்துக்கோங்க’ என்றார். ‘பிரிவு ஏழு சார், எங்க உழைப்புல பேர் வாங்குற நீங்களும் ஒரு பயனாளிதானே’ என்றேன். கோபம் வந்துவிட்டது அவருக்கு. ‘என்ன, எங்களை அவமானப்படுத்துறீங்களா?’ என்றார். ஒரு டம்ளர் காபியை வேண்டாம் என்றதற்கே முகம் சிவந்துவிட்டது! அப்போதாவது நீ நிமிர்வாய் என்று பார்த்தேன்.

ரெமிஜியஸ் கதையை எனக்கே சொல்லித் தருகிறாயா? அவன் சாப்பிட்டது பேரை எழுதுவதற்கு முன்னால். எழுதுகிற பேனா அவன் கையில் இருந்தது, அவர்களுக்குப் பயம் இருந்தது, அதனால் கோழி அடித்தார்கள். நான் சாப்பிட்டது கூரை போட்டு, கணக்கை மூடி, இனி அந்த வீட்டுக்கு நாம் கொடுக்க ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு. முன்னால் கொடுத்தால் அது லஞ்சம். பின்னால் கொடுத்தால் அது விருந்து. இந்த வித்தியாசம் கீழச்சேந்தியில் எல்லோருக்கும் தெரியும். விதியை எழுதும்போது எனக்குத் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை. அப்படியென்றால் விதியைத் திருத்து, என்னை ஏன் மண்டியிடச் சொல்கிறாய்?

வருத்தக் கடிதம் எழுத மாட்டேன். அவர் வீட்டில் சாப்பிட்டது தவறு என்று நான் கையெழுத்துப் போட்டால், அந்தக் காகிதத்தை நாளைக்கு யாராவது செம்மொழியிடம் காட்டினால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்தத் தெருவில் நடப்பேன்?

இன்னொன்று. ஃபைலுக்குள் இருக்கும் உனக்கு இது தெரிந்திருக்காது. என்னை நிறுத்தி வைத்தது எதற்காக என்று கண்ணுசாமி அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. முந்தாநாள் ஏணியைப் போட்டு ஏறி, நாம் போட்ட தகரம் அத்தனையையும் அவரே கழற்றிவிட்டார். ஒன்றைக்கூட வளைக்காமல், ஆணிகளைத் தனியாக டப்பாவில் போட்டு, எல்லாவற்றையும் ரோட்டோரம் அடுக்கி வைத்திருக்கிறார். அலுவலாகப் போகக் கூடாது என்றுதானே எழுதியிருந்தாய், சொந்தக் காலில் நடந்துபோய்ப் பார்த்தேன். ‘எங்க வீட்டுச் சோத்தைத் தின்னதுக்கு ஒரு பொண்ணு வேலை போவுதுன்னா, அந்தக் கூரைக்குக் கீழ நாங்க எப்படிம்மா படுக்குறது? வண்டி அனுப்பி அள்ளிட்டுப் போவச் சொல்லுங்க’ என்றார்.

ஐப்பசி பிறக்கப் போகிறது. வானம் கறுத்துக் கிடக்கிறது.

பிரின்ஸி


தஞ்சாவூர்
8 அக்டோபர்

பிரின்ஸி,

நீ கிளப்பிவிட்டாயா? நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல். அவராகக் கழற்றினாரா, நீ போய் அழுது வைத்தாயா? விஸ்வா போய்ப் பார்த்துவிட்டு வந்தான். மேலே ஒரு தார்ப்பாய் கட்டி, அதற்கு மேல் பழைய கீற்றைப் போட்டு வைத்திருக்கிறார்களாம். அவன் பேசப் போனால், செம்மொழி, ‘ஸ்டேட்டஸ் பாக்க வந்தீங்களா அண்ணே’ என்று கேட்டாளாம். நிதி கொடுத்தவர்கள் மாதக் கடைசியில் நேரில் பார்க்க வருகிறார்கள். ரோட்டோரம் அடுக்கியிருக்கும் தகரத்தையா அவர்களுக்குக் காட்டுவது?

உன் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. நீயும் நானும் இரண்டு நாற்காலி, ஒரு மேஜையோடு ஆரம்பித்தது இது. ஒரு மீன் குழம்பில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாய்.

குழுவோடு பேசினேன். ஏழாம் பிரிவில் ஒரு திருத்தம் செய்ய ஒப்புக்கொண்டார்கள். ‘உள்ளூர்ப் பழக்கவழக்கத்தை முன்னிட்டு, தவிர்க்க முடியாத சூழலில், தேநீர், குடிநீர் ஆகியவற்றை ஏற்கலாம்.’ இதை விஸ்வா அவரிடம் படித்துக் காட்டுவான். நீ கூடப் போய் நின்றால் அவர் கேட்பார். கூரையைத் திரும்பப் போடச் சொல். மழைக்குப் பயமாக இருக்கிறது, பிரின்ஸி. நிஜமாகவே பயமாக இருக்கிறது. அந்த வீட்டில் அவர் மனைவிக்கு ஏற்கெனவே இளைப்பு இருக்கிறது என்று விண்ணப்பத்தில் படித்திருக்கிறேன்.

ஹம்சா


பூதலூர்
12 அக்டோபர்

தவிர்க்க முடியாத சூழலில்!

அடிப் பாவி, அந்த வரியை எழுதிவிட்டு நீயே ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாயா? கண்ணுசாமி அண்ணன் முன்னால் விஸ்வா நின்றுகொண்டு, ‘இனிமே தவிர்க்க முடியாட்டா உங்க வீட்டுத் தண்ணியைக் குடிப்போம்’ என்று படிக்க வேண்டுமா? அதற்குப் பக்கத்தில் நான் நிற்க வேண்டுமா? உன் தாத்தா பரவாயில்லையடி, அவர் இதையெல்லாம் டைப் அடிக்கவில்லை.

நான் கிளப்பிவிடவில்லை. அவர்களுக்குக் கோபம் வர என் உதவி தேவையா என்ன? அவருக்கென்று ரோஷம் இருக்காதா? நீ எதையும் யாராவது சொல்லிக் கொடுத்துத்தான் அவர்கள் செய்வார்கள் என்று நினைக்கிறாய் பார், அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மாதக் கடைசி, நிதி கொடுத்தவர்கள், ரோட்டோரத் தகரம். உன் கடிதத்தில் இதெல்லாம் முதலில் வருகிறது. இளைப்பு கடைசி வரியில் வருகிறது. கடைசியிலாவது வந்ததே என்றுதான் இதற்குப் பதில் எழுதுகிறேன், இல்லையென்றால் கிழித்துப் போட்டிருப்பேன். நேற்று ராத்திரி பெய்த மழையில் அண்ணி ஒரு மூலையில் உட்கார்ந்தே இருந்தாராம். நான் போய்க் கெஞ்சினேன். உனக்காக இல்லை, அவருக்காக. ‘அண்ணே, கோபத்தை எங்க மேல காட்டுங்க, அண்ணி மேல காட்டாதீங்க’ என்றேன். அண்ணியே உள்ளே இருந்து, ‘எனக்கும் சேர்த்துத்தாம்மா அவரு கழட்டுனாரு’ என்று சொல்லிவிட்டார்.

விஸ்வாவை அனுப்பாதே. என்னை அனுப்பாதே. டம்ளரை வேண்டாமென்றது நீ, நீ போ. காரில் போகாதே.

பிரின்ஸி


தஞ்சாவூர்
18 அக்டோபர்

பிரின்ஸி,

நேற்றுப் போனேன். ரயிலில் பூதலூர் வந்தேன், உன் வீட்டைத் தாண்டித்தான் நடந்தேன், உன்னைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வாய்க்கால் பாலத்திலேயே இறக்கிவிட்டான், ரோடு முழுக்கச் சேறு. வரப்பில் நடவு முடித்துத் திரும்பிய பெண்கள் என்னைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்கள். நான் போன பிறகு மறுபடி பேசினார்கள்.

தகரம் நீ சொன்னபடியே இருந்தது. மேலே வைக்கோலைப் போட்டு மூடிவைத்திருந்தார், துரு ஏறக் கூடாதென்று. நம் பொருள் என்று பத்திரமாக வைத்திருக்கிறார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணன் வாசலுக்கு வந்து, ‘வாங்கம்மா’ என்றார். நாற்காலி போட்டார். நான் தரையில் உட்காரப் போனேன். ‘வேணாம்மா, ஈரமா இருக்கு, நாற்காலிலயே உக்காருங்க’ என்றார். உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க மனசுக்குள் எழுதிப் பழகி வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. உள்ளே அண்ணி இருமிக்கொண்டே இருந்தார். மழைத் தண்ணீர் ஒழுகுகிற இடத்தில் ஒரு குண்டானை வைத்திருந்தார்கள். அதில் சொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கடைசியில், ‘அண்ணே, கொஞ்சம் தண்ணி தாங்க’ என்றேன்.

கேட்பதென்று முன்பே நினைத்ததுதான், ஆனாலும் நாடகம் இல்லை, பிரின்ஸி. நடந்த நடைக்கு நிஜமாகவே நாக்கு வறண்டிருந்தது. செம்மொழி நிலைப்படியில் நின்றிருந்தாள். அந்த டம்ளர் அவளுக்குப் பின்னால் அலமாரியில் இருந்ததை நான் பார்த்தேன். அவள் அசையவில்லை, அப்பாவைப் பார்த்தாள். அவர் கோபப்படவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையிடம் சொல்வதுபோல அவ்வளவு தன்மையாகச் சொன்னார்.

‘உங்க பையில பாட்டில் இருக்குமேம்மா.’

இருந்தது. பையில்தான் இருந்தது. கிளம்பும்போது எப்போதும்போல நிரப்பி எடுத்து வைத்திருக்கிறேன். அவர் வீட்டில் தண்ணீர் கேட்பது என்று முடிவெடுத்துக் கிளம்பியவள், அதையும் எடுத்து வைத்திருக்கிறேன். பையைத் திறக்கவில்லை. பிறகு எழுந்து வந்துவிட்டேன். ‘பாத்துப் போங்கம்மா, வழுக்கும்’ என்றார்.

உன்மீதான நடவடிக்கையை ரத்து செய்துவிட்டேன். குழுவைக் கேட்கவில்லை, என் கையெழுத்திலேயே செய்தேன். ராஜகோபாலன் சார் ராஜினாமா செய்வேன் என்றார், சரி என்றேன். நிதி கொடுத்தவர்களுக்கு நடந்ததை அப்படியே எழுதிவிட்டேன். ஏழாம் பிரிவை எடுத்துவிடவா, திருத்தவா, தெரியவில்லை. நீ வா. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, ஆனாலும் வா.

ஹம்சா


பூதலூர்
21 அக்டோபர்

ஹம்சா,

எனக்கும் உன்மேல் கோபம் தீரவில்லை. என் வீட்டைத் தாண்டிப் போனாயாம், கதவைத் தட்டவில்லையாம். அதற்குத் தனியாக வைத்துக்கொள்கிறேன்.

வேலைக்கு வருகிறேன். ஆனால் ஏழாம் பிரிவை நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதக் கூடாது. போன தடவை அப்படி எழுதித்தான் இந்த லட்சணம். கீழச்சேந்தியில் உட்கார்ந்து, செம்மொழி சொல்லச் சொல்ல எழுதுவோம். எதை வாங்கக் கூடாது என்று நம்மைவிடக் கறாராகச் சொல்வாள் பார். ரெமிஜியஸ் போல ஒருத்தன் வந்தால் அவளே விரட்டிவிடுவாள். அவள் ஒத்துக்கொண்டால்தான் இதெல்லாம். நேற்றுக் கேட்டேன், ‘யோசிச்சு சொல்றேன்க்கா’ என்றாள்.

தகரம் இன்னும் ரோட்டோரம்தான் கிடக்கிறது. அண்ணன் தொடவில்லை. நேற்றும் மழை.

நீ ஒருமுறை தண்ணீர் கேட்டுவிட்டு, அவர் தரவில்லை என்றதும் எழுந்து வந்துவிட்டாய். அவர் அப்பா எத்தனை முறை கேட்டிருப்பார்? வருகிற திங்கட்கிழமை காலை வண்டிக்கு வா, ஸ்டேஷனில் நிற்கிறேன், சேர்ந்து நடப்போம். அன்றைக்கும் தர மாட்டார்கள். அடுத்த வாரமும் வா.

பாட்டில் கொண்டுவராதே.

பிரின்ஸி